நாணயமே முதலாக: வணிகர் இராபர்ட் மாரிஸ் வாழ்க்கை

அமெரிக்க விடுதலைப் போரை வென்று தந்தவர் யார் என்று கேட்டால், ஜார்ஜ் வாஷிங்டன் என்று பள்ளிச் சிறுவரும் விடை பகர்வர். அவ்விடை சரியானதே. ஆயினும், படை நடத்தியவருக்குப் பின்னே அப்படைக்கு மாவும் உப்பும் வெடிமருந்தும் ஊதியமும் தேடித் தந்த ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வாறு இருந்தவர் பிலடெல்பியா நகரத்து வணிகராகிய இராபர்ட் மாரிஸ். அந்நாட்டின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக விளங்கிய அவரே, தம் முதுமையில் கடன்பட்டோர்க்குரிய சிறையில் மூன்றரை ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார் என்பது வரலாறு.

நம் தமிழில் நாணயம் என்னும் சொல் இரு பொருள் தரும். கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். முதல் நாணயம் இல்லாத ஒரு நாட்டிற்கு இரண்டாம் நாணயத்தைக் கடனாகக் கொடுத்தவர் மாரிஸ். அவர் உயர்ந்ததும் தாழ்ந்ததும் இச்சொல்லைச் சுற்றியே நிகழ்ந்தன என்பதனை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

மாரிஸ் 1734ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலில் பிறந்தார். அவர் தந்தையாரின் பெயரும் இராபர்ட் மாரிஸ் என்பதே. தந்தையார் கடல் கடந்து, மேரிலாந்தில் உள்ள ஆக்ஸ்போர்டு என்னும் சிறு துறைமுகத்தில் புகையிலை வாணிக முகவராகப் பணியாற்றினார். சிறுவன் லிவர்பூலில் தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்து, தனது பதின்மூன்றாம் வயதில் தந்தையிடம் வந்து சேர்ந்தான். விரைவிலேயே பிலடெல்பியாவுக்கு அனுப்பப்பட்டு, சார்லஸ் வில்லிங் என்னும் பெருவணிகரின் பண்டகசாலையில் தொழில் பழகலானான்.

1750ஆம் ஆண்டில் தந்தையார் எதிர்பாராத வகையில் இறந்தார். அவரைச் சிறப்பிக்கும் பொருட்டுக் கப்பலொன்றிலிருந்து மரியாதை வெடி முழக்கினர். அப்பீரங்கியிலிருந்து தெறித்த பொதி அவர்மீது பட்டுக் காயம் உண்டாயிற்று. அக்காயமே உயிரைப் பறித்தது. பதினாறு வயதில் ஆதரவற்று நின்ற மாரிஸ், தம் உழைப்பையும் கணக்குத் திறனையும் மட்டுமே நம்பி முன்னேறினார். 1757இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், முதலாளியின் மகனாகிய தாமஸ் வில்லிங்குடன் கூட்டு வணிகராயினார். வில்லிங் மாரிஸ் நிறுவனத்தின் கப்பல்கள் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கோதுமை மாவு முதலிய சரக்குகளை ஏற்றிச் சென்று வந்தன.

அக்காலத்தில் அந்நிறுவனம் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டு வந்து விற்கும் கொடிய வாணிகத்திலும் ஈடுபட்டிருந்தது. அதனை மறைத்து அவர் வாழ்க்கையை எழுதுதல் முறையாகாது. விடுதலைக்காகப் பொருள் திரட்டிய கையே பிறர் விடுதலையை விலை பேசியும் இருந்தது.

1769இல் மேரி ஒயிட் என்னும் மங்கையை அவர் மணந்தார். இவ்விருவருக்கும் ஐந்து ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் பிறந்தனர்.

தயக்கமும் துணிவும்

1765இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் முத்திரை வரியை விதித்தபொழுது, அதனை எதிர்த்த பிலடெல்பியா வணிகர்களுள் மாரிஸும் ஒருவர். ஆனால் அவர் இயல்பில் புரட்சியாளர் அல்லர். குடியேற்ற நாடுகளின் பேரவையாகிய காங்கிரஸில் 1775இல் உறுப்பினரானபொழுதும், தாய்நாட்டுடன் இணக்கம் ஏற்படும் என்றே நம்பினார். 1776 சூலைத் திங்களில் விடுதலைத் தீர்மானம் வந்தபொழுது, அதற்கு இன்னும் காலம் கனியவில்லை என்று கருதினார். எனினும் பெரும்பான்மையோர் விருப்பத்திற்குத் தடையாக நிற்க விரும்பாமல், சூலை 2ஆம் நாள் வாக்கெடுப்பின்பொழுது ஜான் டிக்கின்சனுடன் தாமும் விலகி நின்றார். அதனால் பென்சில்வேனியாவின் வாக்கு விடுதலைக்கு ஆதரவாக அமைந்தது. பின்னர் ஆகஸ்டில் விடுதலைச் சாசனத்தில் தாமும் கையொப்பமிட்டார். முடிவெடுக்கும்வரை தயங்கிய அவர், முடிவு எடுக்கப்பட்ட பின்னர் ஒருபொழுதும் தயங்கவில்லை.

காங்கிரஸ் அமைத்திருந்த மறைமுக வாணிகக் குழுவின் தலைவராக அவர் பணியாற்றினார். அந்நாட்டில் அன்று வெடிமருந்து போதிய அளவில் செய்யப்படவில்லை. பிரான்சிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் தமக்கிருந்த வணிகத் தொடர்புகளைக் கொண்டு, சரக்குக் கப்பல்கள் வழியே வெடிமருந்தும் துப்பாக்கிகளும் வருவதற்கு ஏற்பாடு செய்தார்.

குளிர்காலத்து உதவி

1776 டிசம்பரில் விடுதலைப் படை நைந்து போயிருந்தது. பகைவர் நெருங்குகின்றனர் என அஞ்சிக் காங்கிரஸ் பிலடெல்பியாவை விட்டுப் பால்டிமோருக்குச் சென்றுவிட்டது. மாரிஸ் நகரிலேயே தங்கி, அரசின் அலுவல்களைத் தம் பொறுப்பில் நடத்தினார். டிசம்பர் 25 இரவு வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடந்து, மறுநாள் டிரென்டனில் வெற்றி கண்டார். ஆயினும் வீரர் பலருடைய பணிக்காலம் டிசம்பர் 31உடன் முடிவடைய இருந்தது. மேலும் ஆறு வாரம் தங்குவோர்க்குப் பத்து டாலர் தருவதாக வாஷிங்டன் வாக்களித்தார். ஆனால் அவரிடம் பணம் இல்லை. மாரிஸுக்கு மடல் விடுத்தார்.

ஒற்றர்களுக்குக் கொடுப்பதற்காக 410 ஸ்பானிய வெள்ளி டாலர்களையும் சில ஆங்கிலேய, பிரெஞ்சுக் காசுகளையும் மாரிஸ் முதலில் அனுப்பினார். பின்னர், 1777 புத்தாண்டு நாளன்று, தம் பொறுப்பில் கடன் வாங்கிய 50,000 டாலர் காகிதப் பணத்தை விடுத்தார். சனவரி 3ஆம் நாள் பிரின்ஸ்டனில் வாஷிங்டன் மீண்டும் வென்றார். நாட்டின் நம்பிக்கை மீண்டது அந்தப் பத்து நாள்களில்தான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

போர்க்காலத்தில் மாரிஸின் செல்வமும் வளர்ந்தது. அரசின் பணியையும் தம் வாணிகத்தையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டார் என்ற பழி எழுந்தது. தாமஸ் பெயின் போன்றோர் அவரைக் கடுமையாகச் சாடினர். 1779இல் காங்கிரஸ் குழு விசாரித்து, அவர்மீது குற்றமில்லை என்றது. ஆயினும் பொதுப்பணியும் தன்னலமும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையால் எழுந்த ஐயம் அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

கையொப்பமே காசாக

போருக்கான பணத்தைக் காங்கிரஸ் அச்சிட்டே சமாளித்து வந்தது. வரி விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை; பதின்மூன்று மாநிலங்களிடம் வேண்டுகோள் விடுக்கத்தான் முடிந்தது. அச்சிட அச்சிடக் காகிதத்தின் மதிப்பு வீழ்ந்தது. 1780 மார்ச்சில் நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே அறிவித்தது. அடுத்த ஆண்டில் அம்மதிப்பும் இல்லாது போயிற்று. 1781 சனவரி முதல் நாளில், ஊதியமும் உடையும் இன்றி வாடிய பென்சில்வேனியப் படையினர் கலகம் செய்தனர்.

இந்நிலையில் 1781 பிப்ரவரி 20ஆம் நாள், காங்கிரஸ் மாரிஸை நிதித்துறைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. தம் சொந்த வாணிகத்தைத் தொடரலாம், பொதுப்பணத்தைக் கையாளும் அலுவலரை நீக்கலாம் என்னும் இரு நிபந்தனைகளைப் பெற்ற பின்னரே அவர் பொறுப்பேற்றார். செலவுகளைக் குறைத்தார். படைக்கு வேண்டிய உணவை ஒப்பந்த முறையில் வாங்கினார்.

அவர் செய்தவற்றுள் தலையாயது யாதெனில், தம் பெயரில் உறுதிச் சீட்டுகளை வெளியிட்டதாகும். காங்கிரஸின் காகிதத்தை வாங்க மறுத்த உழவரும் மாவு வணிகரும் மாரிஸின் கையொப்பம் உள்ள சீட்டை வாங்கிக்கொண்டனர். நாடு பணம் தரும் என்று எவரும் நம்பவில்லை. மாரிஸ் தருவார் என்று நம்பினர். நாடு தவறினால் தம் செல்வம் முழுவதும் அதற்கு ஈடாகும் என்பதை அறிந்தே அவர் கையொப்பமிட்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் வாஷிங்டனின் பாசறைக்கு மாரிஸ் நேரில் சென்றிருந்தார். அப்பொழுதுதான், பிரெஞ்சுக் கடற்படை செசபீக் விரிகுடாவுக்கு வருகின்றது என்ற செய்தி கிடைத்தது. நியூயார்க்கை முற்றுகையிடும் எண்ணத்தைக் கைவிட்டு, தெற்கே வர்ஜீனியாவுக்குப் படை நடத்துவதென்று வாஷிங்டன் முடிவு செய்தார். நெடுந்தொலைவுப் பயணத்திற்கு வேண்டிய மாவு, உப்பிட்ட இறைச்சி, படகுகள் ஆகியவற்றைத் திரட்டும் பொறுப்பு மாரிஸுக்கு வந்தது. வடமாநில வீரர்கள், ஒரு மாத ஊதியத்தையேனும் வெள்ளிக் காசாகக் கண்ணால் கண்டாலன்றி மேலே செல்லோம் என்ற மனநிலையில் இருந்தனர். பிரெஞ்சுப் படைத்தலைவர் ரோஷாம்போவின் கருவூலத்திலிருந்து 20,000 டாலரை, அக்டோபர் முதல் நாளில் திருப்பித் தருவதாகச் சொல்லி மாரிஸ் கடனாகப் பெற்றார். செப்டம்பரில் எல்க் ஆற்றின் தலைத்துறையில் வீரர்கள் கையில் வெள்ளி சேர்ந்தது. 1781 அக்டோபர் 19ஆம் நாள் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படையினர் 7,000க்கும் மேற்பட்டோர் சரணடைந்தனர். பின்னாளில் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து திப்பு சுல்தானுடன் போரிட்டவர் இந்தக் கார்ன்வாலிஸே ஆவார்.

வங்கியும் வரியும்

பிரான்ஸ் நாடு அளித்த வெள்ளி அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் பாஸ்டன் துறைமுகத்தில் வந்திறங்கியது. அதனை எருது பூட்டிய வண்டிகளில் ஏற்றிப் பிலடெல்பியாவுக்குக் கொண்டு வரச் செய்தார் மாரிஸ். அவ்வெள்ளியின் பெரும்பகுதியை முதலாக இட்டு, வட அமெரிக்க வங்கியைத் தோற்றுவித்தார். 400 டாலர் வீதம் 1,000 பங்குகள் என 4 லட்சம் டாலர் மூலதனம் குறிக்கப்பட்டது. 1782 சனவரி 7ஆம் நாள் வங்கி திறக்கப்பெற்றது. அவருடைய பழைய கூட்டாளி தாமஸ் வில்லிங் அதன் தலைவரானார்.

பிரான்ஸ் அளித்த கடனை வெளிநாட்டு உண்டியல்களாக விற்றுப் பணமாக்க வேண்டியிருந்தது. அப்பணியில் அவருக்குத் துணை நின்றவர் ஹேம் சாலமன் என்னும் தரகர். போலந்தில் பிறந்த யூதராகிய அவர், உண்டியல்களின் விலை சரியாதபடி திறம்பட விற்றுக் கொடுத்தார். 1785 சனவரியில் அவர் மறைந்தபொழுது குடும்பத்திற்கு விட்டுச் சென்ற செல்வம் ஏதுமில்லை. போருக்குப் பொருள் தந்து வறுமையுற்றவர் மாரிஸ் ஒருவர் மட்டுமல்லர் என்பதை நாம் இங்கு நினைவுகூர வேண்டும்.

கடன் வாங்கிக் காலம் தள்ளுதல் நெடுநாள் செல்லாது என்பதை மாரிஸ் நன்கு உணர்ந்திருந்தார். மாநிலங்கள் 1782இல் 80 லட்சம் டாலர் தருமாறு கேட்கப்பட்டன. வந்து சேர்ந்ததோ இருபதில் ஒரு பங்கிற்குச் சற்று மேல். இறக்குமதிப் பொருள்கள்மீது நூற்றுக்கு 5 வீதம் வரி விதிக்கும் உரிமையைக் காங்கிரஸுக்குத் தர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அதற்குப் பதின்மூன்று மாநிலங்களும் இசைய வேண்டும். ரோட் தீவு என்னும் மிகச் சிறிய மாநிலம் மறுத்தது, திட்டம் வீழ்ந்தது. வருவாய்க்கு வழி செய்யாமல் கடனைப் பெருக்கும் அநீதிக்குத் தாம் துணை போக இயலாது என்று கூறி, 1783 சனவரியில் பதவி விலகல் மடல் கொடுத்தார்.

ஆயினும், படையைக் கலைத்து வீட்டிற்கு அனுப்பும் வீரர்களுக்கு மூன்று மாத ஊதியமாவது தர வேண்டும் என்று காங்கிரஸ் வேண்டிக்கொண்டபொழுது, அதற்காக மேலும் தங்கினார். ஏறத்தாழ 7 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கான சீட்டுகளில் தம் கைப்படக் கையொப்பமிட்டார். அவை வந்து சேருமுன்னரே வீரர் பலர் வெறுங்கையுடன் ஊர் திரும்பிவிட்டனர். சீட்டைப் பெற்றோருள் பலர் குறைந்த விலைக்கு விற்றுவிட்டனர். 1784 நவம்பரில் மாரிஸ் பதவியை விட்டு நீங்கினார்.

புகழின் உச்சி

அவ்வாண்டுத் தொடக்கத்தில் சீன நாட்டுக்கு முதன்முதலாகப் புறப்பட்ட அமெரிக்கக் கப்பலாகிய சீனப் பேரரசி, மாரிஸ் பங்கேற்ற முதலீட்டில் சென்றதே. 1787இல் அரசியலமைப்பு மாநாட்டில் வாஷிங்டனைத் தலைவராக முன்மொழிந்தவர் அவர். அந்நாள்களில் வாஷிங்டன் தங்கியதும் அவர் இல்லத்திலேதான். விடுதலைச் சாசனம், கூட்டமைப்பு விதிகள், அரசியலமைப்பு ஆகிய மூன்றிலும் கையொப்பமிட்டவர்கள் இருவரே. ஒருவர் ரோஜர் ஷெர்மன், மற்றவர் மாரிஸ். 1789 முதல் 1795 வரை அவர் செனட் உறுப்பினராக இருந்தார். பிலடெல்பியா தலைநகரமானபொழுது, அவருடைய மாளிகையே குடியரசுத் தலைவரின் உறைவிடமாயிற்று.

அளவு கடந்த ஆசை

இந்த உச்சியில்தான் வீழ்ச்சி தொடங்கியது. ஐரோப்பியக் குடியேறிகள் பெருந்திரளாக வருவர், காட்டுநிலத்தின் விலை பன்மடங்கு உயரும் என்று மாரிஸ் நம்பினார். நியூயார்க்கின் மேற்குப் பகுதியில் வாங்கிய நிலத்தை விற்று முதலில் நல்ல ஊதியமும் கண்டார். அத்துடன் நின்றிருந்தால் அவர் வாழ்க்கை வேறாக முடிந்திருக்கும். ஜான் நிக்கல்சன், ஜேம்ஸ் கிரீன்லீஃப் என்னும் இருவருடன் சேர்ந்து, புதிதாக அமையவிருந்த வாஷிங்டன் நகரில் 6,000க்கும் மேற்பட்ட மனைகளை விலை பேசினார். 1795இல் அம்மூவரும் வட அமெரிக்க நில நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் உடைமை 60 லட்சம் ஏக்கர். பிலடெல்பியாவில், லான்ஃபான் என்னும் பிரெஞ்சுச் சிற்பவல்லுநரைக் கொண்டு பளிங்கும் செங்கல்லுமாக ஒரு பெருமாளிகையை எழுப்பத் தொடங்கினார். அது முற்றுப்பெறவே இல்லை. ஊரார் அதனை மாரிஸின் மடமை என்று அழைத்தனர்.

ஐரோப்பாவில் போர் மூண்டதால் ஆலந்து நாட்டுக் கடன் வரவில்லை. குடியேறிகளும் எதிர்பார்த்தபடி வரவில்லை. வட்டியும் நிலவரியும் மட்டும் தவறாமல் வந்தன. மாரிஸும் நிக்கல்சனும் ஒருவர் சீட்டுக்கு மற்றவர் பிணையாகக் கையொப்பமிட்டு, சீட்டுக்குமேல் சீட்டு வெளியிட்டனர். சந்தையில் அவை டாலருக்குச் சில காசுகளே பெற்றன. 1781இல் ஒரு நாட்டையே தாங்கிய அதே கையொப்பந்தான் அது. அன்று அக்கையொப்பத்தின் பின்னே கப்பல்களும் பண்டகசாலைகளும் இருந்தன; சீட்டு எதற்காக எழுதப்பட்டது என்பதையும் அனைவரும் அறிந்திருந்தனர். இன்றோ அதன் பின்னே இருந்தது இன்னொரு கடனாளியின் கையொப்பம் மட்டுமே.

சிறையும் இறுதியும்

கடன்காரர்கள் அவரைத் தேடி வந்தனர். நகருக்கு வெளியே தம் தோட்ட இல்லத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு சில காலம் ஒளிந்து வாழ்ந்தார். 1798 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டு, பிலடெல்பியாவின் புரூன் தெருவில் இருந்த கடனாளிகள் சிறையில் அடைக்கப்பட்டார். கடன் 30 லட்சம் டாலர் அளவில் இருந்தது. அவ்வாண்டு நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவிப் பல்லாயிரவர் நகரை விட்டு ஓடியபொழுதும், மனைவி மேரியும் மகளும் சிறைக்கு வந்து அவரைக் கண்டு சென்றனர். நவம்பரில் பிலடெல்பியாவுக்கு வந்த வாஷிங்டன், சிறைக்கே சென்று தம் பழைய நண்பருடன் அமர்ந்து உணவருந்தினார். கூட்டாளி நிக்கல்சன் 1800இல் சிறையிலேயே மாண்டார்.

1800ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நொடிப்புச் சட்டத்தின் துணையால், 1801 ஆகஸ்டில் மாரிஸ் விடுதலை பெற்றார். அவருக்கு முன்பு நிதித்துறையில் உதவியாளராக இருந்தவரும், ஒரே குடிப்பெயர் இருந்தும் உறவினர் அல்லாதவருமாகிய கவர்னர் மாரிஸ், ஆலந்து நில நிறுவனத்திடமிருந்து மேரி அம்மையாருக்கு ஆண்டுக்கு 1,500 டாலர் கிடைக்க வழி செய்திருந்தார். அத்தொகையைக் கொண்டு சிறிய வீடொன்றில் முதிய தம்பதியர் வாழ்ந்தனர். 1806 மே 8ஆம் நாள் இராபர்ட் மாரிஸ் காலமானார். பிலடெல்பியாவின் கிறித்து ஆலய வளாகத்தில், மனைவியின் குடும்பத்தார்க்குரிய கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் எண்ண வேண்டியது

மாரிஸைச் சிறையில் தள்ளியது நாட்டுக்குக் கொடுத்த கடன் என்று சிலர் எழுதுவர். அது சரியன்று. நாட்டுக்காக அவர் இட்ட கையொப்பங்கள் அவரை அழிக்கவில்லை. தமக்காக இட்ட கையொப்பங்களே அழித்தன. போரின்பொழுது அவர் ஏற்ற கடனுக்கு ஒரு தேவை இருந்தது. தேவைக்கு ஓர் எல்லையும் இருந்தது. பின்னாளில் அவர் விழைந்த நிலத்திற்கு எல்லை இல்லை. பொருளுக்கு ஓர் அளவை வகுத்துக்கொள்ளாத செல்வர், எத்துணைத் திறமையுடையவராயினும், தம் நல்லபெயரையும் முதலாக வைத்து இழந்துவிடுவர் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகின்றது.

எனினும் அவர் செய்த நன்மையை அவருடைய தோல்வி அழித்துவிடவில்லை. 1862இல் அமெரிக்க அரசு வெளியிட்ட 1,000 டாலர் தாளிலும், 1878இல் வெளியான 10 டாலர் வெள்ளிச் சான்றிதழிலும் அவர் உருவமே பொறிக்கப்பட்டது. காசில்லாத நாட்டிற்குத் தம் பெயரைக் காசாகக் கொடுத்தவரின் முகம் பின்னர் அந்நாட்டின் காசிலேயே இடம் பெற்றது.

தம் விருப்பமுறியில் எழுதிக் கொடுக்க அவரிடம் பெரும் உடைமை ஏதும் எஞ்சவில்லை. கோடிக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கனவு கண்ட அம்மனிதர், தம் மூத்த மகன் இராபர்ட்டுக்கு ஒரு பொற்கடிகாரத்தை விட்டுச் சென்றார். பதினாறு வயதில் தந்தையை இழந்தபொழுது, அத்தந்தையிடமிருந்து அவருக்கு வந்த கடிகாரம் அது.